அழைக்கக் கூடாத விருந்து

பெயர் நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை. ஞாபகம் இருப்பவர்கள் தாமாக வந்து கதவைத் தட்டுவார்கள். எத்தனை பேர் வந்தாலும் மேஜையில் குறைவில்லாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் வீட்டுக்காரியின் வேலை. பிறந்த நாள் குழந்தைகளுக்கு, தன் பெயர் கொண்ட புனிதரின் திருநாளான பெயர் நாள் பெரியவர்களுக்கு என்பது போலந்துக்காரர்களின் கணக்கு. ஒஸ்லோவுக்கு வந்து எவ்வளவோ மாறிப்போனவர்களும் இந்த ஒன்றில் மட்டும் மாறவில்லை.

ஜனவரி எட்டாம் தேதி செவெரினின் பெயர் நாள். இந்த வருஷம் அது ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அவன் மனைவி மிர்க்கா வெளிச்சம் வருவதற்கு வெகு முன்பே அடுப்படியில் நின்றாள்.

முட்டைக்கோஸும் இறைச்சியும் சேர்ந்த பிகோஸ் வெள்ளிக்கிழமையே அடுப்பேறி, நிதானமாகச் சுண்டிக்கொண்டிருந்தது. ஹெர்ரிங் மீன் வெங்காயத்தோடு எண்ணெயில் ஊறிக் கிடந்தது. பன்றிக்கால் சூப்பு பால்கனிக் குளிரில் உறைந்து கட்டியாகிவிட்டது. இனி உருளைக்கிழங்கு, கேரட், முட்டை, ஊறுகாய் வெள்ளரிக்காய் எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி சாலட் பிசைய வேண்டியதுதான் பாக்கி.

போன வருஷம் நாற்காலி போதாமல் கீழ் வீட்டு எரித்ரியாக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. மேஸ்திரி செவெரினின் பெயர் நாள் என்றால் சும்மாவா? அவனிடம் வேலை பார்த்த அத்தனை பேரும் மனைவி மக்களோடு வந்து, கோட்டுகளைப் படுக்கையில் மலைபோலக் குவித்துவிட்டு, குரல் கட்டும்வரை வாழ்த்துப் பாடிவிட்டுத்தான் போனார்கள்.

ஆனால் அது போன வருஷம். நடுவில் செப்டம்பர் வந்து போய்விட்டது.

செப்டம்பர் கடைசியில்தான் பாட்ரிக் சாரத்திலிருந்து விழுந்தான். மிர்க்காவின் அக்கா கிராஷினாவுக்கு ஒரே மகன். இருபத்து மூன்று வயது. ஊரில் வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனை, இங்கே அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வரவழைத்து, செவெரினிடமே வேலைக்குச் சேர்த்தவள் மிர்க்காதான். இப்போது அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. நகரத்துக்கு வெளியே, கடலோரமாக இருக்கும் ஒரு மறுவாழ்வு மருத்துவமனையில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பல் தேய்க்கப் பழகிக்கொண்டிருக்கிறான்.

எட்டாத மூலையைப் பூசுவதற்காகப் பையன் தானே பாதுகாப்புக் கயிற்றின் கொக்கியைக் கழற்றிவிட்டான் என்று செவெரின் விசாரணை அதிகாரிகளிடம் சொன்னான். மிர்க்கா அதை நம்பினாள். புருஷன் சொல்லும்போது நம்பாமல் வேறென்ன செய்வாள்? அக்கா மட்டும் நம்பவில்லை. கிறிஸ்துமஸ் அன்று கிராஷினா தொலைபேசியில் ‘உன்ன நம்பித்தான அனுப்பினேன்’ என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லி வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து மிர்க்காவுக்கு மனசுக்குள் ஒரு பந்தயம். பெயர் நாளுக்கு யார் வராவிட்டாலும் லெஷெக் வருவான். அவன் செவெரினின் உயிர் நண்பன், மகள் கிங்காவுக்கு ஞானத்தகப்பன். விபத்து நடந்த அன்று அதே சாரத்தில் நின்றவன். செவெரின் சொன்னது பொய்யாக இருந்தால் லெஷெக் இந்த வீட்டுப் படி ஏற மாட்டான். ஏறினால், தன் புருஷன் சொன்னது நிஜம். அந்த ஒரு காலடிச் சத்தம் போதும், அதை வைத்துக்கொண்டு மிச்ச வாழ்க்கையை ஓட்டிவிடலாம் என்று அவள் நினைத்திருந்தாள்.

கிங்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுப்படிக்குள் வந்தாள். பத்தொன்பது வயது, கல்லூரியில் முதல் வருஷம். தாய்மொழியைவிட இந்த ஊர் மொழிதான் அவள் வாயில் சுலபமாக வரும். தட்டிலிருந்து ஒரு துண்டு வெள்ளரிக்காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கையிலிருந்த போனைப் பார்த்தபடியே, கிட்டத்தட்ட எல்லாரும் பதில் போட்டுவிட்டார்கள் என்றாள்.

“எதுக்குப் பதில்?”

“அப்பா பெயர் நாளுக்குத்தான். எல்லாருக்கும் அனுப்பியிருந்தேன். அஞ்சு மணிக்கு வாங்க, வர முடியுமா முடியாதான்னு சொல்லுங்கன்னு.”

மிர்க்காவின் கத்தி நின்றது.

“என்ன காரியம் பண்ணி வச்சிருக்க நீ?”

“ஏன்? இங்க எல்லாரும் அப்படித்தானம்மா பண்றாங்க. எத்தனை பேருக்குச் சமைக்கணும்னு உனக்கும் தெரிய வேணாமா?”

குழந்தை நல்லதை நினைத்துத்தான் செய்திருக்கிறாள். மூன்று மாதமாக வீட்டில் சிரிப்பில்லை, அப்பாவைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்தால் பழையபடி ஆகிவிடுவார் என்று நினைத்திருக்கிறாள். அவளிடம் என்னவென்று கோபித்துக்கொள்வது?

அழைக்காத விருந்துக்கு வராமல் போனால் அது மறதி. அடுத்த ஞாயிறு கோயிலில் பார்க்கும்போது, ஐயோ சுத்தமா மறந்துட்டேன் என்று ஒருவர் சொல்ல, அதனால் என்ன என்று மற்றவர் சொல்ல, இருவரும் முகம் கெடாமல் வீடு போய்ச் சேரலாம். அழைத்த விருந்துக்கு வராமல் போனால் அது மறுப்பு. எல்லாரும் ஒதுங்கிக்கொள்ள இருந்த அந்தச் சின்னக் கதவைக் கிங்கா ஒரு விரலால் சாத்திவிட்டாள். வருவாயா மாட்டாயா என்று கேட்ட பிறகு, பாவம், அவர்களும் ஏதாவது சொல்லித்தானே ஆகவேண்டும்?

சொல்லியிருந்தார்கள். ஒருவனுக்குப் பல்வலி. ஒருவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை. ஒருவனின் வண்டி குளிரில் கிளம்பவில்லையாம். அவன் வீடு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது, நடந்து வந்தால் காது விறைக்கும் முன்பே வந்துவிடலாம். இன்னொருவன் காரணம் தேடவும் சோம்பேறித்தனப்பட்டு, வெறுமனே இல்லை என்று மட்டும் போட்டிருந்தான்.

“லெஷெக் மாமா?” என்று கேட்டாள் மிர்க்கா.

“பாத்துட்டாரு. பதில் போடல.”

பதில் போடவில்லை என்றால் வர மாட்டேன் என்று சொல்லவில்லை. மிர்க்கா அதைப் பிடித்துக்கொண்டாள்.

செவெரின் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு வந்தான். கிங்கா மறைக்கும் முன் போனைக் கையில் வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தான். வண்டி கிளம்பவில்லை என்று சொன்னவனிடம் வந்ததும் சிரித்தான்.

“அந்த வண்டிக்கு பேட்டரி மாட்டிக் குடுத்ததே நான்தான். அதுக்குக் கூட என்னைக் கண்டா புடிக்கல போல.”

சிரிப்பு முகத்தில் தங்கவில்லை. போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, முன்னறைக்குப் போய் தொலைக்காட்சியில் பனிச்சறுக்குத் தாண்டல் போட்டியைப் போட்டுக்கொண்டான். போலந்துக்காரன் யாராவது தூரமாகத் தாண்டினால் எழுந்து நின்று கத்துகிறவன், அன்று சத்தத்தையே குறைத்து வைத்திருந்தான்.

போலிஷ் பூசைக்கு மிர்க்கா தனியாகத்தான் போனாள். செவெரின் கோயிலுக்கு வருவதை நவம்பரிலேயே நிறுத்திவிட்டான். முதுகுவலி என்றான். பூசை முழுக்க அவள் கண் பீடத்தில் இல்லை, இரண்டு வரிசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த லெஷெக்கின் மனைவி இலோனாவின் பின்னங்கழுத்தில் இருந்தது. லெஷெக் அவள் பக்கத்தில் இல்லை.

பூசை முடிந்ததும் எல்லாரும் கீழே உள்ள கூடத்துக்கு இறங்கினார்கள். காப்பியும் ஜாம் வைத்த வடைபோன்ற பொங்கியும் தருவார்கள், வாரம் முழுவதும் அடக்கி வைத்த பேச்செல்லாம் அங்கேதான் கொட்டும். மிர்க்கா வரிசையில் போய் நின்றாள். முன்னால் நின்றவள் திடீரென்று குழந்தை ஞாபகம் வந்து விலகிப் போனாள். அவளுக்கு முன்னால் நின்றவளுக்கு வேறு ஏதோ. மிர்க்கா எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் காப்பி கிடைத்தது.

கோட்டு மாட்டும் இடத்தில் வைத்து இலோனாவைப் பிடித்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், பிகோஸ் நிறையச் செய்துவிட்டேன் என்றும், கிங்கா சின்னப்பெண், தெரியாமல் அனுப்பிவிட்டாள் என்றும், அவசரமில்லை, லெஷெக் எப்போது தோதுப்பட்டாலும் வரட்டும் என்றும் கோர்வையில்லாமல் சொல்லிக்கொண்டே போனாள். பிச்சை கேட்பது போலிருந்தது. கேட்கிறோம் என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

இலோனா பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஒரு கையை மட்டும் கோட்டுக்குள் விட்டபடி நின்று சொன்னாள்.

“வர மாட்டோம் மிர்க்கா. பல்வலி கில்வலின்னு உன்கிட்ட சொல்ல எனக்கு இஷ்டமில்ல. வர மாட்டோம்.”

“என்ன தப்பு பண்ணினோம்?”

“நீ ஒண்ணும் பண்ணல. உனக்குத் தெரியவே தெரியாதுன்னு எனக்கு இப்பதான் புரியுது.” இலோனாவின் குரல் தணிந்தது. “அன்னைக்கு கயிறெல்லாம் எங்க இருந்துச்சுன்னு உன் புருஷன கேளு. வேன்ல பூட்டிக் கெடந்துச்சு. வேன் வேற எடத்துக்குப் போயிருச்சு. மழை வர்றதுக்குள்ள முடிச்சிரலாம், சும்மா ஏறுங்கடான்னு சொன்னது செவெரின். ஏறின ஒருத்தன் இடுப்புலயும் ஒண்ணும் இல்ல. எங்காளு இடுப்புலயும்தான். மாட்டாத கொக்கிய உங்க பையன் எங்கேருந்து கழட்டுவான்?”

மிர்க்கா கையிலிருந்த காப்பியைப் பார்த்தாள். லெஷெக் அதிகாரிகளிடம் அப்படிச் சொல்லவில்லையே என்று மட்டும் கேட்டாள்.

“சொல்லல. நான் பாக்கலன்னு சொல்லிட்டு வந்தான். வந்து குளியலறைக் கதவச் சாத்திக்கிட்டு அழுதான். எல்லாரும் அப்படித்தான் சொல்லிட்டு வந்திருக்காங்க, மேஸ்திரிய எப்படிக் காட்டிக் குடுக்கறதுன்னு. இப்ப உங்க வீட்டுக்கு வந்து, உங்க மேஜையில உக்காந்து, நல்லா இருங்கன்னு பாடிட்டு வந்தா, அந்தப் பொய்ய இன்னொரு தடவ சொன்ன மாதிரி. அத எங்களால முடியாது.”

இலோனா இன்னொரு கையையும் கோட்டுக்குள் விட்டாள். போகும் முன் மிர்க்காவின் கன்னத்தில் முத்தமிட்டாள். அந்த முத்தம்தான் மிர்க்காவுக்குத் தாங்கவில்லை. துக்க வீட்டில் கொடுப்பது போலிருந்தது.

டிராமில் வரும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. இலோனாவுக்கு எங்கள்மேல் என்ன பொறாமை என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. இறங்கவேண்டிய நிறுத்தம் போய்விட்டது. திரும்ப நடந்து வந்தாள்.

வீட்டில் போட்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கோட்டைக்கூடக் கழற்றாமல் போய்த் தொலைக்காட்சியை நிறுத்தினாள்.

“கயிறு எங்க இருந்துச்சு?”

எந்தக் கயிறு என்று செவெரின் கேட்கவில்லை. அதிலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனாலும் அவன் வாயால் வரட்டும் என்று நின்றாள்.

வந்தது. முதலில் மெதுவாக, பிறகு அடக்க முடியாமல். மூன்று மாதமாகத் தூங்கவில்லை என்றான். முதலாளி அவசரப்படுத்தினார், வானம் கறுத்துக்கொண்டு வந்தது, ஒரு மணி நேர வேலைதானே என்று நினைத்தேன் என்றான். பாட்ரிக் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது என்றான். அதிகாரி கேட்டபோது வாய் தானாகச் சொல்லிவிட்டது, சொன்ன பிறகு திரும்ப எடுக்க வழி தெரியவில்லை என்றான். மிர்க்கா இடையில் ஒன்றுமே சொல்லாததால் அவனுக்குத் தைரியம் வந்தது.

“நான் நிஜத்தைச் சொல்லியிருந்தா மட்டும் அவன் கால் திரும்ப வந்துருமா? இந்த நாட்டுல அவனுக்குச் சேர வேண்டியது எப்படியும் சேரும். அவன் தப்புன்னாலும் சேரும், என் தப்புன்னாலும் சேரும். விசாரிச்சிட்டேன். நான் உள்ள போயிட்டா நீ என்ன பண்ணுவ, கிங்கா என்ன பண்ணுவா? அவனுக்கே ஒண்ணும் ஞாபகம் இல்ல மிர்க்கா. யாருக்கும் நஷ்டமில்லாத பொய் அது.”

“என்கிட்டயும் சொல்லல.”

“சொன்னா உங்க அக்கா முகத்துல முழிக்க உன்னால முடியுமா? நான் ஒருத்தன் சுமந்தா போதும்னு நெனச்சேன்.”

அதில் கொஞ்சம் அன்பும் இருந்ததுதான் கொடுமை. முழுக்க அயோக்கியனாக இருந்திருந்தால் அவள் காறித் துப்பிவிட்டு அந்த நிமிஷமே வெளியே போயிருப்பாள். இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவன், வெள்ளைச் சட்டையோடு சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, அடிவாங்கக் காத்திருக்கும் பையனைப்போல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அவன்மேல் வெறுப்பு வந்தது. கூடவே பரிதாபமும் வந்தது. இரண்டில் எதுவும் இன்னொன்றை ஜெயிக்கவில்லை.

திரும்பியபோது கிங்காவின் அறைக் கதவு கையளவு திறந்திருந்ததைப் பார்த்தாள். உள்ளே விளக்கு எரியவில்லை. தூங்குகிறாள் போலும் என்று நினைத்துக்கொண்டாள். நினைக்கத்தான் விரும்பினாள்.

பிறகு மேஜை விரிப்பைப் போட்டாள். யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தும் ஏன் போட்டாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. பெயர் நாளன்று பொழுது சாயும்போது கை இந்த வேலையைத்தான் செய்யும், அதுவாகச் செய்தது. தட்டுகளை வைத்தாள், சின்னக் கிளாஸ்களைத் துடைத்து வைத்தாள், உறைந்த சூப்பைத் தட்டில் கவிழ்த்து எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே எப்போதோ இருட்டிவிட்டது.

ஐந்து மணி கழிந்து கொஞ்ச நேரத்தில் கீழ்வாசல் மணி அடித்தது.

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவ்வளவு கேட்ட பிறகும், லெஷெக் மனசு மாறி வந்துவிட்டானோ என்று மிர்க்காவின் நெஞ்சு ஒரு கணம் துள்ளியது. கீழ்வாசலோடு பேசும் கருவியை எடுத்தது கிங்கா. அவள் எப்போது அறையிலிருந்து வந்தாள் என்று தெரியவில்லை.

“பாட்ரிக் அண்ணன்” என்றாள். “கீழ நிக்கிறாரு.”

அவனுக்கும் அனுப்பியிருந்தாள். அவனும் பதில் போட்டிருக்கவில்லை. பெயர் நாளுக்குப் போய் எவனாவது பதில் போட்டுவிட்டு வருவானா என்று அப்புறம் அவனே சொல்லிச் சிரித்தான். அழைத்த கூட்டத்தில் வழக்கம் தெரிந்து நடந்துகொண்டவன் அவன் ஒருவன்தான்.

வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. சித்தப்பாதான் கீழே வந்து தூக்கவேண்டும் என்று பாட்ரிக் சொல்லியனுப்பினான்.

செவெரின் அசையாமல் நின்றான். கிங்கா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு அப்பாவையே பார்த்தாள். வேறு வழியில்லை, போனான்.

மிர்க்கா படிக்கட்டின் மேலே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கனமான காலடிகள் ஒவ்வொரு மாடியாக ஏறின, வளைவில் நின்று மூச்சு வாங்கின, மறுபடி ஏறின. நடுவில் பாட்ரிக்கின் குரலும் வந்தது. முன்னெல்லாம் சிமென்ட் மூட்டையை இப்படித்தானே தூக்குவீர்கள், நான் அதைவிட லேசுதான் என்றான். கடைசி வளைவில் அவர்கள் தெரிந்தபோது பையனின் கைகள் சித்தப்பாவின் கழுத்தைக் கட்டியிருந்தன, கால்கள் சொல்பேச்சுக் கேட்காமல் தொங்கிக்கொண்டிருந்தன. செவெரினின் முகத்தைப் பார்க்க மிர்க்காவால் முடியவில்லை.

பின்னால் கிங்கா மடக்கிய சக்கர நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவனை அதில் உட்காரவைத்து மேஜைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இளைத்திருந்தான். புதுச் சட்டையின் மடிப்பு இன்னும் கலையவில்லை. மடியில் ஒரு சாக்லேட் பெட்டி. மருத்துவமனைக் கடையில் பூ இல்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள் என்றான். வரிசையாக இருந்த காலித் தட்டுகளைப் பார்த்தான்.

“மத்தவங்க இன்னும் வரலையா?”

“வர மாட்டாங்கண்ணா” என்றாள் கிங்கா.

பாட்ரிக் எதையோ சரிபார்த்துக்கொள்வதுபோலத் தலையை ஆட்டினான். பிறகு செவெரினின் பக்கம் திரும்பினான்.

“எனக்குத் தெரியும். என்னாலதான். நான் பண்ணின கோளாறுக்கு உங்கள ஒதுக்கி வச்சிட்டாங்க. அதுக்காகத்தான் சித்தப்பா வந்தேன். உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்.”

“இப்ப எதுக்குப்பா அதெல்லாம்.”

“இல்ல, சொல்லிடறேன். காலைல உங்க வண்டில உக்காந்து காப்பி குடிச்சேன் பாருங்க, அது வரைக்கும்தான் ஞாபகம் இருக்கு. அப்புறம் ஒண்ணுமே இல்ல. எதுக்காகக் கழட்டினேன்னு படுத்துக்கிட்டே யோசிக்கிறேன். எவ்வளவு யோசிச்சாலும் புரியல. எனக்கு உயரம்னா பயம் சித்தப்பா, உங்களுக்கே தெரியும். அப்படிப்பட்ட நான் ஏன் கழட்டினேன்? அவ்வளவு திமிரா எனக்கு? அம்மா வாழ்க்கையும் போச்சு, உங்க பேரும் போச்சு. அங்க ஒரு டாக்டரம்மா இருக்காங்க, உன்ன நீயே மன்னிச்சுக்கோன்னு சொல்றாங்க. மொதல்ல நீங்க மன்னிச்சாத்தான் என்னால அது முடியும்.”

மிர்க்கா புருஷனைப் பார்த்தாள். இதோ, இப்போது. கடவுளே எடுத்துக் கையில் கொடுத்த மாதிரி ஒரு சந்தர்ப்பம். ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். கிங்காவும் காத்திருந்தாள்.

செவெரின் கையை நீட்டிப் பையனின் தோளைத் தட்டினான்.

“விடுப்பா” என்றான். “நடந்தது நடந்துபோச்சு. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல.”

மன்னித்துவிட்டான். பாட்ரிக்குக்குக் கண் நிறைந்துவிட்டது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தான். யாருக்கும் நஷ்டமில்லாத பொய் என்று செவெரின் மத்தியானம் சொன்னானே, அந்தப் பொய் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து, ஏன் கழற்றினேன் ஏன் கழற்றினேன் என்று தன்னையே தின்றுகொண்டிருப்பதை மிர்க்கா பார்த்தாள். கால் போனது ஒரு விபத்து. இது விபத்தில்லை. இதைத் தினமும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

“சித்தி” என்று அவன் அவள் பக்கம் திரும்பினான். “உங்களுக்கும் எம்மேல கோவம் இல்லையே?”

வார்த்தை தொண்டைவரை வந்தது. நீ கழற்றவில்லை பாட்ரிக். மூன்றே சொல். சொன்னால் என்ன ஆகும் என்பதும் அதே கணத்தில் வரிசையாக வந்து நின்றது. காவல்துறை வரும். செவெரின் போவான். பொய் சொன்னதற்காக லெஷெக்கும் மற்றவர்களும் ஒவ்வொருவராக இழுபடுவார்கள். தம்பி மாதிரி நினைத்த தங்கை புருஷன்தான் தன் மகனை முடமாக்கினான் என்று அக்காவுக்குத் தெரியும். இந்த மேஜை, இந்த வீடு, இங்கே கட்டிய வாழ்க்கை எல்லாம் அந்த மூன்று சொல்லில் போய்விடும்.

செவெரின் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ.

“சாப்பிடு பாட்ரிக்” என்றாள் மிர்க்கா. “ஆறிப்போகுது.”

தட்டு நிறைய பிகோஸ் வைத்தாள். ரொட்டியை அவன் கைக்கு எட்டும்படி நகர்த்தினாள். அவன் அதையும் மன்னிப்பாகவே எடுத்துக்கொண்டு, அம்மா கைச்சமையல் மாதிரியே இருக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டான். இலோனா சொன்னது மிர்க்காவுக்கு இப்போதுதான் முழுசாகப் புரிந்தது. அவர்கள் எல்லாரும் வராமல் தப்பித்துவிட்டார்கள். தான் மட்டும் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல், அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டாள்.

கிங்கா எதையும் தொடவில்லை. பாட்ரிக்கைக் கொண்டுவந்த டாக்சி திரும்ப வரும் நேரம் ஆனதும் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். மிர்க்கா அவள் பின்னாலேயே நடைக்குப் போனாள். கிங்கா குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“எங்க கெளம்பற?”

“அண்ணன விட்டுட்டு வர்றேன்.”

“டாக்சிதான் கொண்டுபோய் விடுமே.”

கிங்கா நிமிர்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. அழுத முகம் இல்லை, அழுது முடித்த முகம்.

“என் அறைக் கதவு தெறந்துதான் இருந்துச்சும்மா” என்றாள். “அப்பா சொல்ல மாட்டாருன்னு தெரியும். நீ சொல்லுவன்னு நெனச்சேன்.”

மிர்க்கா மகளின் கையைப் பிடிக்கப் போனாள். கிங்கா கையுறையை மாட்டிக்கொண்டாள்.

செவெரின் பையனை மறுபடி தூக்கிக்கொண்டு இறங்கினான். இம்முறை வேகமாக இறங்கினான். ஜன்னலிலிருந்து மிர்க்கா பார்த்தாள். கீழே பனியில் சக்கரங்கள் திணறின. கிங்கா பின்னாலிருந்து தள்ளி, டாக்சியின் சாய்வுப் பலகையில் ஏற்றி, தானும் உள்ளே ஏறி அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பாட்ரிக் மேலே பார்த்துக் கையாட்டினான். மிர்க்காவும் ஆட்டினாள். மருத்துவமனைக்கு முக்கால் மணி நேரத்துக்குக் குறையாத பயணம்.

செவெரின் மேலே வந்து கைகளைக் கழுவினான். மேஜையில் உட்கார்ந்தான். பல மாதங்களாகக் கொறித்துக்கொண்டிருந்தவன், தட்டை இழுத்து நிறைய வைத்துக்கொண்டு, பசித்தவனாகச் சாப்பிட ஆரம்பித்தான்.

“நல்லபடியா முடிஞ்சுது” என்றான். “பாவம், அவன் மனசும் லேசாயிருக்கும். கிங்கா ஏன் கூடப் போனா?”

“தெரியல” என்றாள் மிர்க்கா.

அவன் ரொட்டியைப் பிய்த்துத் தட்டைத் துடைத்துத் தின்றுகொண்டிருந்தான். அவள் ஜன்னலிலேயே நின்றாள். டாக்சி திருப்பத்தில் மறைந்துவிட்டது. அவள் உதடுகள் தாமாக முணுமுணுக்கத் தொடங்கியிருந்தன. என்ன வேண்டிக்கொள்கிறோம் என்று காதுகொடுத்துக் கேட்டாள். கிங்கா வாயைத் திறந்துவிடக் கூடாது, மாதாவே, அவள் வாயைத் திறந்துவிடக் கூடாது என்றுதான் அவள் வேண்டிக்கொண்டிருந்தாள்.